இடது பக்கம் மட்டும் உரசிய கேமரோ

என்னிடம் இருப்பது 1969 செவ்ரோலே கேமரோ. ஒஹையோவின் நார்வுட் ஆலையில் செய்த வண்டி. நான் இருப்பது மிச்சிகனில். நவம்பரில் சாலையில் உப்பு போட ஆரம்பித்ததும் போர்வை போர்த்தி கராஜில் படுக்க வைத்துவிடுவேன்; ஏப்ரல் மழை உப்பைக் கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பேன். இப்படி நான்கு கோடைகள், சுமார் 9,000 மைல் ஓடியாயிற்று. முதல் இரண்டு கோடைகள் முன் டயரோடு மல்லுக்கட்டியதிலேயே போயின.

ஆலையிலிருந்து 14 அல்லது 15 அங்குல ரிம்மோடு வந்த மாடல் இது. எனக்கு முன் வைத்திருந்தவர் 17க்கு 8 அங்குல ரிம், 245/45 டயர் (245 என்பது மில்லிமீட்டரில் அகலம்), இரண்டு அங்குலம் தாழ்த்தும் ஸ்பிரிங், டிரம்முக்குப் பதிலாக முன் டிஸ்க் பிரேக் என்று எல்லாவற்றையும் மாற்றியிருந்தார். நிற்கும்போது பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. வாங்கி வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில், முதல் மேம்பாலத்தின் மூட்டில் சக்கரம் ஏறி இறங்கியதும் இடது பக்கம் டயர் ஃபெண்டரில், அதாவது சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் தகட்டில், உரசி 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். மிச்சிகன் சாலைக் குழிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தச் சத்தத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

டயர் கடையில் கேட்டேன். அகலம் அதிகம், 225க்கு இறங்குங்கள் என்றார்கள். மனசு வரவில்லை. இன்னொருவர் ஃபெண்டரின் உள் உதட்டை மடித்துவிட்டால் போதும் என்றார். அதைத்தான் செய்தேன். ஹீட் கன்னால் பெயின்ட்டைச் சூடாக்கி, உருளைக் கருவியைச் சக்கரம் மாட்டும் ஹப்பில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மடித்தேன். அவசரப்பட்ட ஒரு இடத்தில் நாலு அங்குல நீளத்துக்கு மயிரிழை மாதிரி பெயின்ட் வெடித்தது. உரசல் குறைந்தது, நிற்கவில்லை. இன்றைக்கும் வருத்தப்படுவது இந்த ஒரு வேலைக்குத்தான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டேன்.

இரண்டாவது கோடையில்தான் புத்தி வந்தது. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி இரண்டு ஃபெண்டர் உதட்டின் உள்பக்கமும் வரிசையாக ஒட்டி, வழக்கமான வழியில் ஒரு சுற்று போய் வந்தேன். இடது பக்க உருண்டைகள் சப்பாத்தியாகியிருந்தன. வலது பக்கத்தில் என் விரல் ரேகைகூட அழியவில்லை. டயர் அகலம்தான் காரணமென்றால் இரண்டு பக்கமும் உரச வேண்டுமே?

சமதளத்தில் நிறுத்தி, ஃபெண்டர் வளைவின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, நூலுக்கும் ரிம்முக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். இடது 31 மில்லிமீட்டர், வலது 43. 12 வித்தியாசம் என்றால் முன்பாகம் முழுக்க 6 மில்லிமீட்டர் இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வண்டியின் அமைப்பு அப்படி. எஞ்சின், ஸ்டீரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் தனியாக ஒரு சப்ஃபிரேமில், அதாவது முன்பக்கத்துக்கான இரும்புச் சட்டகத்தில், இருக்கும். உடலோடு நான்கு இடத்தில், ரேடியேட்டர் தாங்கியோடு இரண்டு இடத்தில், ரப்பர் புஷ் (மெத்தை மாதிரி வளையம்) வழியாக போல்ட் போட்டுப் பிணைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்து ரப்பர் நசுங்கி, யாரோ எப்போதோ கழற்றி மாட்டியபோது கோணலாக உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளையாக, சரிபார்க்க ஆலையிலேயே வழி வைத்திருக்கிறார்கள்: எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டுக்குக் கீழே சப்ஃபிரேமில் இரு பக்கமும் ஒரு துளை, அதற்கு நேர் மேலே உடலில் இன்னொன்று. 5/8 அங்குலக் கம்பி இரண்டு துளையிலும் நேராக நுழைய வேண்டும். என் வண்டியில் இரு பக்கமும் நுழையவில்லை.

ஆறு போல்ட்டையும் தளர்த்தி, ஒவ்வொரு புஷ்ஷாக மாற்றி (பாலியூரித்தேன் போட்டேன், ரப்பரைவிட அதிர்வு கொஞ்சம் கூடத் தெரிகிறது), ஜாக்கியாலும் கடப்பாரையாலும் நெம்பி, கம்பி இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு இறங்கும்வரை நகர்த்தினேன். ஒரு முழு சனிக்கிழமை. கடைசியில் இடது 36, வலது 38.

உரசல் முக்கால்வாசி போய்விட்டது. மீதி, பெரிய குழியில் இறங்கும்போது மட்டும் வந்தது. அதற்குக் காரணம் முதல் தலைமுறை கேமரோவின் பிறவிக்குணம். சஸ்பென்ஷன் அமுங்கும்போது டயரின் தலை உள்ளே சாய்வதற்குப் பதிலாக வெளியே சாயும், அதாவது ஃபெண்டரை நோக்கியே போகும். சக்கரத்தைச் சப்ஃபிரேமோடு இணைக்கும் மேல் கையான கன்ட்ரோல் ஆர்மின் போல்ட் துளைகளைக் கீழே இறக்கித் துளைப்பது ரேஸ் ஓட்டுநர் டிக் குல்ட்ஸ்ட்ராண்டின் பெயரால் வழங்கும் பழைய வைத்தியம். எனக்குச் சப்ஃபிரேமில் துளை போட மனமில்லை. குழாய் வகை மேல் ஆர்மும், வழக்கத்தைவிட அரை அங்குலம் உயரமான பால்ஜாயின்ட்டும் (ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டு) வாங்கிப் போட்டேன். நோக்கம் அதேதான்.

அலைன்மென்ட்டையும் மாற்றினேன். ஆலை அளவு அந்தக் காலத்து பயஸ் பிளை (இழைகள் குறுக்காக ஓடும்) டயருக்காக எழுதியது. கேம்பர், அதாவது டயரின் தலை சாயும் கோணம், கால் டிகிரி பாசிட்டிவில் (வெளியே சாய்ந்து) இருக்கும். இன்றைய ரேடியல் டயருக்கு அது ஆகாது. கேம்பரை மைனஸ் அரை டிகிரிக்கும், ஸ்டீரிங் அச்சு பின்னால் சாயும் கோணமான காஸ்டரைப் பிளஸ் நாலரைக்கும் கொண்டுவந்தோம். முக்கால் டிகிரி மாற்றம் என்றால் கேட்க அற்பமாக இருக்கும். 26 அங்குல உயர டயரில் அது உச்சியில் நாலு மில்லிமீட்டர் இடம். கோணத்தைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடான ஷிம் எந்த போல்ட்டில் எத்தனை என்று அலைன்மென்ட் கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்னும் என் டூல் பாக்ஸில் இருக்கிறது. இன்னொரு விஷயம், டிரம்மை டிஸ்க்காக மாற்றும் சில கிட்டுகள் சக்கரத்தை வெளியே தள்ளும். ரிம் வாங்குவதற்கு முன் டிஸ்க்கைப் பொருத்தி, ஹப் முகத்திலிருந்து அளந்துவிடுங்கள். என் ரிம்மின் பேக்ஸ்பேஸ், அதாவது ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து ரிம்மின் உள்விளிம்பு வரையான தூரம், நாலரை அங்குலம். நான் வாங்கியிருந்தால் நாலே முக்கால் எடுத்திருப்பேன். சக்கரம் கால் அங்குலம் உள்ளே போயிருக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு கோடைகள் ஓடிவிட்டன. டயர் தேய்மானம் இரு ஓரமும் சமமாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் ஸ்டீரிங் முன்பு போல் அலைபாயவில்லை. வீட்டு வாசலிலிருந்து முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் மட்டும் டயரின் உள்விளிம்பு ஸ்வே பாரை (வண்டி சாயாமல் இருக்க இரு பக்கத்தையும் இணைக்கும் கம்பி) தொடும். அந்த இடத்தில் கம்பி பளபளவென்று இருக்கிறது. ஒடிப்பதை அரைச் சுற்று குறைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். இந்த டயர் தேய்ந்ததும் 235/45 போடலாம் என்று இருக்கிறேன். ஃபெண்டர் உதட்டில் வெடித்த பெயின்ட்டின் மேல் துரு பிடிக்காமல் இருக்க வருடம் ஒருமுறை தெளிவான நெயில் பாலிஷ் தடவுகிறேன். மனைவிக்கு இன்னும் தெரியாது.