தாது இறக்க ரயிலா, குழாயா?

ஒரு இரும்புத்தாதுச் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கை எப்படி இறக்குவது என்று கணக்குப் போட்ட குழுவில் நானும் இருந்தேன். குழாய்க்குத்தான் கை தூக்கினேன். அதற்கு முன் மூன்று வருடம் ஸ்லரி (தாது மாவும் தண்ணீரும் கலந்த குழம்பு) பைப்லைன் ஒன்றின் பம்ப் நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன் என்பதால் நடுநிலை என்றெல்லாம் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

லாரியை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். சத்தீஸ்கரின் கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினம் வரும் பைப்லைனின் திறன் ஆண்டுக்கு 80 லட்சம் டன். நாளுக்கு ஏறக்குறைய 22,000 டன். முப்பது டன் லாரியில் ஏற்றினால் 730 நடை; காலி வண்டி திரும்புவதையும் சேர்த்தால் ராப்பகலாக நிமிடத்துக்கு ஒரு லாரி. எந்த ஊர் பொறுத்துக்கொள்ளும்?

உண்மையான போட்டி ரயில்தான். அதே கிரந்துலிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள கொத்தவலச வரை 1960களில் போட்ட பாதை அரக்கு மலைகளைச் சுற்றி 450 கி.மீ. போல வருகிறது. குழாய்க்கு 267 கி.மீ. போதும். ஒரு ரேக்குக்கு, அதாவது ஒரு முழு சரக்கு ரயிலுக்கு, 4,000 டன் என்று வைத்தாலும் தினம் ஐந்தாறு ரேக் கிடைத்தாக வேண்டும். மழையில் மண் சரிந்தால் அன்றைய கணக்கு அவ்வளவுதான். ஆனால் ரயில் கட்டித்தாதையும் ஏற்றும். குழாய்க்கு மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்ததுதான் ஆகும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். என் முடிவு அதில்தான் நின்றது. குழாய் மண்ணுக்குள் கிடக்கிறது, அது பாட்டுக்கு ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஸ்லரி நொடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் வேகத்தில் போக வேண்டும். வேகம் குறைந்தால் தாது அடியில் படியும், கூடினால் குழாயை அரிக்கும். துரு பிடிக்காமலிருக்கச் சுண்ணாம்பு கலந்து காரத்தன்மையை ஏற்றி வைப்போம். நின்றுபோனால் தாது சரிந்து பள்ளத்தில் அடைக்கும் என்பதால் குழாயைச் செங்குத்தாக இறக்கவும் முடியாது; சரிவு 15 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள்.

ஒரு ராத்திரி கரண்ட் போய் நான்கு மணி நேரம் லைன் முழுக்க ஸ்லரியோடு நின்றது. மறுபடி பம்ப்பைப் போட்டதும் பிரஷர் முள் ஏறிக்கொண்டே போக, ஷிப்டில் இருந்த யாரும் வாய் திறக்கவில்லை. முள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் டீ குடிக்கப் போனோம். மற்ற நாட்களில் வேலையெல்லாம் பம்ப் வால்வுகளோடுதான். தேய்ந்த வால்வு சீட்டை (வால்வு மூடும்போது வந்து உட்காரும் வளையம்) கழற்றினால் கரையான் அரித்த மரம் மாதிரி இருக்கும். ‘டக் டக்’ சத்தம் மாறுவதை வைத்தே பழைய ஃபிட்டர்கள் எந்த வால்வு என்று சொல்லிவிடுவார்கள். மாற்று பம்ப்பை ஓடவிட்டு அதை மாற்றுவோம். தேயும் சாமானில் பெரும்பகுதி ஒரே கூரையின் கீழ் இருப்பதுதான் குழாயின் பலம். ரயிலில் அது தண்டவாளம், வேகன், எஞ்சின், மலைச்சரிவு என்று 450 கி.மீ.க்குப் பரவிக் கிடக்கிறது. ரயில் பக்கத்துச் செலவை நான் பார்த்தது காகிதத்தில் மட்டும்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழாய் கெட்டால் மொத்தமாகக் கெடும். பிரேசிலின் மினாஸ்-ரியோ திட்டத்தில் 529 கி.மீ. குழாய் 2018 மார்ச்சில் இரண்டு முறை கசிந்து, டிசம்பர் வரை உற்பத்தி நின்றது. மறுவிற்பனையும் கிடையாது. கர்நாடகத்தின் குதிரேமுக்கில் 2005 கடைசியில் சுரங்கம் மூடப்பட்டபோது, மங்களூருக்கு 67 கி.மீ. இறங்கிய குழாய்க்கு அனுப்ப மலையில் தாது இல்லை. தண்டவாளமாக இருந்தால் வேறு சரக்காவது ஓடியிருக்கும். சுரங்கத்தின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம்தான், பக்கத்திலேயே ரயில் பாதையும் இருக்கிறது என்றால் நானே ரயில் பக்கம் போய்விடுவேன்.

தாமிரத்துக்கும் இது சரிவருமா என்று கேட்கிறார்கள். பெருவின் அன்டமினா சுரங்கம் 300 கி.மீ. குழாயில் கடற்கரைக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கை வைத்தது இரும்பில் மட்டும். அங்கே வால்வு எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்தப் பம்ப் நிலையத்துக்காரர்தான் சொல்ல வேண்டும்.