மார்கழியில் ஒரு ஞாயிறு, ஒரு மலை: தண்டையார்பேட்டையிலிருந்து எங்கே போவது?

தண்டையார்பேட்டைக்காரனுக்கு ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். சைக்கிளில் அதை ஏறி முடிப்பதற்குள் நாக்கு வெளியே தள்ளிவிடும். ஆனால் மார்கழி பிறந்தால் போதும், எங்கள் தெருப் பசங்களுக்கு மலை ஆசை வந்துவிடும். மாலை போட்டவர்கள் சபரிமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். ஒவ்வொரு வருடமும் அடிபடும் பெயர்கள் மூன்று: ஆந்திரப் பக்கத்து நாகலாபுரம், பர்வதமலை, வெள்ளியங்கிரி. மூன்றுக்கும் போய்க் கால் வலித்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வெளிச்சக் கணக்கு. மார்கழியில் நம் பக்கம் காலை ஆறரைக்கு விடிந்து, ஆறு மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். கையில் பதினொன்றேகால் மணி நேரம்தான். மலை எவ்வளவு உயரம் என்பதைவிட, அடிவாரத்தில் எத்தனை மணிக்கு நிற்கிறோம் என்பதுதான் பெரிய கேள்வி.

அந்தக் கணக்கில் வெள்ளியங்கிரி முதலிலேயே அடிபட்டுப்போகிறது. கோவை போகவே 500 கிலோமீட்டர். சென்ட்ரலில் இரவு ரயில் ஏறி, காலையில் இறங்கி, அடிவாரத்துப் பூண்டிக்குப் பஸ் பிடித்து, அப்புறம் ஏழு மலை. வழுக்குப்பாறை, கைதட்டிச் சுனை என்று ஒவ்வொன்றும் ஒரு சோதனை. மூங்கில் தடி இல்லாமல் இறங்கினால் முட்டி பேசாது, கத்தும். எல்லாவற்றுக்கும் மேல், பிப்ரவரி முதல் மே வரைதான் பக்தர்களை மேலே விடுவார்கள். மார்கழியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிவராத்திரிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நாகலாபுரம் நேர் எதிர். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை வழியாகப் பைக்கில் விடிகாலை கிளம்பினால், வெயில் ஏறும் முன் போய்விடலாம். வழியில் சுருட்டப்பள்ளியில் படுத்திருக்கும் சிவனையும் கும்பிட்டுக்கொள்ளலாம். லிங்கமாக இல்லாமல் அப்படிக் கிடந்த கோலத்தில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாது. இந்தப் பக்கத்து மலைகள் நமக்கு அந்நியமும் இல்லை. மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் நகரி மலை முகடு, மெட்ராஸுக்கு வந்த பழைய கப்பல்காரர்களுக்குக் கடலிலிருந்தே கரை அடையாளம்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால் நாகலாபுரம் மலையேற்றம் இல்லை, குளியல். ஓடையோரம் பாறைக்குப் பாறை தாவி, ஒரு மடு, அடுத்த மடு என்று போவதுதான் அங்கே வேலை. உச்சி என்று நின்று மூச்சு விட ஒன்றும் கிடையாது. வடகிழக்குப் பருவமழையின் மிச்சத் தண்ணீர் மார்கழியில் ஓடும். அழகுதான். அதே தண்ணீர் மேலே பெய்த மழையில் திடீரென்று ஏறவும் செய்யும். நீச்சல் தெரியாதவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். ஆந்திர வனத்துறை உள்ளே விடுகிறதா என்று கேட்காமல் கிளம்பவும் கூடாது.

மிச்சம் பர்வதமலை. போளூருக்கு அந்தப் பக்கம், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,500 அடி. சங்க காலத்தில் நன்னன் ஆண்ட நாட்டின் நவிரமலை இதுதான் என்பார்கள். உச்சியில் மல்லிகார்ஜுனர், பிரமராம்பிகை. மார்கழி முதல் நாள் மலையைச் சுற்றிக் கிரிவலமும் உண்டு. அன்றும் பௌர்ணமியிலும் கூட்டம் நெரியும், தவிர்த்துவிடுங்கள்.

வட சென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேலூர் வரை போய்க்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் வண்டி, நடுவில் போளூரில் நிற்கும். கிளாம்பாக்கம் போய்ப் பஸ் ஏறுவதற்கே நமக்கு அரை நாள் போய்விடும். இதுவோ நம் வீட்டு வாசல் மாதிரி. ஸ்டேஷன் எதிரில் பர்மா நூடுல்ஸான அத்தோவும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு ஏறினால் இரவுச் சாப்பாட்டுக் கவலையும் இல்லை. போளூரில் இறங்கப் பதினொன்று ஆகிவிடும் என்பதுதான் குறை. தங்க இடமும், விடிகாலை அடிவாரம் போக ஆட்டோவும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். பைக்கில் போனால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மலை இறங்கிய காலோடு 180 கிலோமீட்டர் திரும்ப ஓட்ட வேண்டும். போன முறை ஓட்டினேன், வாலாஜாபாத் தாண்டியதும் கண் சொருகியது.

மலைக்கு வழி இரண்டு. தென்மாதிமங்கலம் பக்கம் படிகள். கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம், வழி தவறாது. ஆனால் படி என்பது ஏறும்போது நெஞ்சைப் பிடிக்கும், இறங்கும்போது முட்டியைத் தின்னும். கடலாடி பக்கம் காட்டுப் பாதை. கல்லும் வேரும் நிழலும். நடை கொஞ்சம் அதிகம், மழை பெய்தால் வழுக்கும். இரண்டும் மேலே ஒன்று சேர்ந்துவிடும். அதற்கு அப்புறம்தான் உண்மையான பர்வதமலை ஆரம்பம்.

பாறையில் அடித்து இறக்கிய கடப்பாரைகள், பக்கத்தில் சங்கிலி. பனி ஈரத்தில் இரும்பு சில்லென்று இருக்கும். இரண்டு கடப்பாரை ஏறியதும் உள்ளங்கையில் துரு வாசனை ஒட்டிக்கொள்ளும். பையை முதுகில் இறுக்கிக் கட்டாவிட்டால் அது ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள். அடுத்து தண்டவாளப் படி. பெரம்பூர் கேரேஜில், அதாவது ரயில்வே பட்டறையில், வேலை பார்க்கும் நண்பன் குனிந்து தடவிப் பார்த்து, "தேஞ்ச ரயில்டா இது" என்றான். அத்தனை உயரத்தில் அவனுக்கு மட்டும் ஊர் ஞாபகம். அங்கேயே மூச்சு வாங்க உட்கார்ந்தோம். கையில் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு கேட்காமல் எடுத்துக்கொண்டு போனது.

முதல் தடவை நாங்கள் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிவாரத்தில் டீ, வடை, போட்டோ என்று பத்தரை ஆக்கிவிட்டோம். உச்சியைத் தொட இரண்டரை. இறங்கும்போது பாதி வழியில் இருட்டிவிட்டது. ஆறு பேருக்கு இரண்டு செல்போன் வெளிச்சம். ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, படிப்படியாக உட்கார்ந்தே இறங்கினான். ஏழரை மணிக்குள் ஏறத் தொடங்குங்கள், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுங்கள் என்று நான் நச்சரிப்பது அதனால்தான். ஏறும் நேரத்துக்கு வனத்துறை கட்டுப்பாடு வைப்பதும் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தேர்வு: ரயிலில் போய், தென்மாதிமங்கலம் படியில் குளிரோடு ஏறி, மதிய வெயிலுக்குக் கடலாடிக் காட்டு நிழலில் இறங்குவது. முட்டிக்கும் நல்லது. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மட்டும் இறக்கமும் படியிலேயே. பைக்கில் போனால் இது நடக்காது. வண்டி நிற்கும் பக்கமே இறங்கியாக வேண்டும்.

பைக் கோஷ்டி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலில் போனால் திரும்பும்போது ஆரணியில் பிரியாணி சாப்பிட முடியாதாம்.