எண்ணூர்ல எடுத்த படத்தை எங்க போடலாம்? இன்ஸ்டா, வாட்ஸப், ஃபிளிக்கர், ஈபேர்ட், பிரிண்ட்: ஒரு ஒப்பீடு

வடசென்னையில விடியக்காலைல கேமராவோ போனோ எடுத்துக்கிட்டு கிளம்புறவங்க இப்போ நெறைய பேர் ஆயிட்டாங்க. காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை, எண்ணூர் முகத்துவாரம், மாதவரம் ஏரி, ரெட்டேரி, லீவு கிடைச்சா பழவேற்காடு. எடுக்கிறது ஒரு பக்கம், எடுத்ததை எங்க போடுறதுன்றது தான் எல்லாரும் கேக்குற கேள்வி, ஏன்னா ஒவ்வொரு இடமும் படத்தை ஒவ்வொரு மாதிரி நடத்துது.

நான் ரெண்டே விஷயம் தான் பாப்பேன். படத்தோட ஊர் பேரும் தேதியும் கூடவே போகுதா? பாக்கிறவங்க நின்னு பாத்து அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசுறாங்களா? லைக் எத்தனைங்கிறது அப்புறம். ஊர் பேருக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்னா, நம்ம ஏரியான்னாலே வெளிய இருக்கிறவங்களுக்கு புகை, கண்டெய்னர் லாரி, குப்பைக் கிடங்கு இதுதான் ஞாபகம் வருது, கொசஸ்தலை ஆத்துல கூழைக்கடா கூட்டமா உக்காந்திருக்குன்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறாங்க. படத்துல இருந்து ஊர் பேர் கழண்டு போச்சுன்னா அது எங்கயோ இருக்கிற ஒரு அழகான ஏரி, அவ்ளோதான்.

முதல்ல இன்ஸ்டாகிராம், எல்லாரும் அங்க தான இருக்காங்க. புது ஆளுங்க கண்ணுல படம் படணும்னா இதை விட வேகமான வழி கிடையாது, அதை நான் மறுக்கல. ஆனா நம்ம நிலத்துக்கும் அதுக்கும் ஒத்தே வராது. இங்க மலை இல்ல, அருவி இல்ல, பூரா தட்டை. எண்ணூரா இருந்தாலும் பழவேற்காடா இருந்தாலும் அழகு மொத்தமும் அகலத்துல இருக்கு, இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே தண்ணி, நடுவுல கோடு போட்ட மாதிரி அலையாத்தி மரம், மேல பாதி வானம். இன்ஸ்டா போனை நிமிர்த்திப் புடிச்சு பாக்குறவங்களுக்காக செஞ்சது. 2010ல ஆரம்பிச்சப்ப சதுரம் மட்டும் தான், 2015ல தான் படுக்கையா போட விட்டாங்க. இன்னைக்கும் கணக்கு போட்டுப் பாருங்க, 1080 பிக்சல் அகலத்துல நாலுக்கு அஞ்சுன்னு நிமிர்ந்த படம் போட்டா உயரம் 1350, கேமராவுல வர்ற மூணுக்கு ரெண்டு படுக்கை படத்தைப் போட்டா உயரம் வெறும் 720. ஸ்க்ரீன்ல கிட்டத்தட்ட பாதி இடம் தான் நமக்கு. பழவேற்காட்டுல தூரத்துல நிக்கிற பூநாரைக் கூட்டம் அதுக்குள்ள வெறும் ரோஸ் புள்ளியா போயிடும், கட்டைவிரல் அதைத் தாண்டி போறதுக்கு ஒரு செகண்டு கூட ஆகாது.

அதனால என்ன நடக்குதுன்னா எல்லாரும் படத்தை நிமிர்த்தி வெட்ட ஆரம்பிக்கிறாங்க, வெட்டும்போது முதல்ல போறது அனல்மின் நிலையத்து சிம்னி. பறவையை மட்டும் க்ளோசப்பா வெச்சுக்கிட்டு சிம்னி, கோபுரம், பைப்லைன் எல்லாத்தையும் தூக்கிடுறாங்க. நான் இதுக்கு எதிர்க்கட்சி. அந்த சிம்னி பின்னாடி நிக்கணும், முன்னாடி கூழைக்கடா உக்காந்திருக்கணும், ரெண்டும் சேந்தது தான் எண்ணூர். சிம்னி இல்லாத எண்ணூர் படத்தை ஒடிசாவுல இருக்கிற சிலிகா ஏரின்னு சொன்னாலும் நம்பிடுவாங்க. இன்ஸ்டால போடுறதா இருந்தா அகலப் படத்தை மூணா வெட்டி, தள்ளித் தள்ளி பாக்குற மாதிரி அடுக்குங்க, தண்ணி தொடர்ந்து வர்றது தெரியும். லொகேஷன் டேக்ல சும்மா சென்னைன்னு போடாம எண்ணூர்னு போடுங்க, குறிப்புலயும் மாசம் வருஷம் எழுதிடுங்க, ஏன்னா படத்தோட உள்ள கேமரா எழுதி வெச்ச தேதி, லென்ஸ் விவரம் எல்லாம் அங்க ஏத்தினதும் உரிஞ்சு போயிடும், நீங்க கையால எழுதினது மட்டும் தான் மிஞ்சும்.

வாட்ஸப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல காணாம போயிடும், ஃபேமிலி குரூப்ல குட் மார்னிங் பூக்களுக்கு நடுவுல உங்க சூரிய உதயமும் ஒண்ணு. தரமும் குறைஞ்சிடும், 2023ல ஹெச்டி ஆப்ஷன் வந்ததுக்கப்புறம் கொஞ்சம் பரவால்ல. ஒரிஜினலை அப்படியே அனுப்பணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க, ஆனா அப்ப ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும்ங்கிறதை மறந்துடாதீங்க, கூட்டுல குஞ்சு இருக்கிற படமா இருந்தா அப்படி அனுப்பவே வேணாம். ஆனா ஒரு விஷயத்துல வாட்ஸப்பை யாரும் அடிச்சுக்க முடியாது. கூட போட்டோ எடுக்குற ஆறேழு பேர் மட்டும் இருக்கிற சின்ன குரூப்பா வெச்சு, வாரத்துக்கு ஆளுக்கு ஒரே படம், பதிலுக்கு செம, சூப்பர், நெருப்பு எமோஜி எதுவும் கூடாதுன்னு ஒரு சட்டம் போட்டா, "அடிவானம் இடது பக்கம் சாயுது பாரு", "அந்த படகு ஃப்ரேமை விட்டு வெளிய போற மாதிரி இருக்கு, இன்னும் நாலடி தள்ளி நின்னிருக்கலாம்"னு பேச்சு வரும். புதுசா கேமரா வாங்கின தம்பிங்களுக்கு இந்த மாதிரி நாலு வார்த்தை ஆயிரம் லைக்கை விட பெருசு.

படம் சேத்து வெக்கிற சைட்டான ஃபிளிக்கர் செத்துப் போச்சுன்னு நெனைக்கிறவங்க நெறைய. இல்லங்க, இருக்கு. 2004ல வந்தது, யாஹூ கைக்குப் போயி, 2018ல ஸ்மக்மக்னு ஒரு கம்பெனி வாங்கினாங்க, இலவச கணக்குக்கு 1000 படம் வரைக்கும் தான்னு அதுக்கப்புறம் கட்டுப்பாடு வந்துச்சு. இந்த ஆயிரம் எனக்கு குறையா தெரியல, உண்மைய சொன்னா அது நல்லது, ஒரே கொக்கை நாப்பது படம் ஏத்தாம பொறுக்கி எடுக்க கத்துக் குடுக்கும். படுக்கை படம் முழு அகலத்துல நிக்கும், கேமரா, லென்ஸ், ஷட்டர், எடுத்த தேதி எல்லாம் பக்கத்துலயே தெரியும், எடுத்த தேதிய வெச்சே தேடவும் முடியும். நம்ம ஆளுங்க கூட்டம் அங்க கம்மி தான், தமிழ்ல குறிப்பு எழுதினா படிக்க ஆள் வர்றது அபூர்வம். பேச்சுன்ற கணக்குல இன்ஸ்டாவுக்கு பின்னாடி, ஊர் பேரும் தேதியும்ன்ற கணக்குல ரொம்ப முன்னாடி.

விக்கிமீடியா காமன்ஸும் இதே வகை தான். அங்க போட்டா படத்தை யார் வேணாலும் எடுத்துக்கலாம், வியாபாரத்துக்கும் கூட, உங்க பேரைப் போடணும்ங்கிற மாதிரி லைசென்ஸ் வெச்சுக்கலாம், ஆனா குடுத்த அனுமதியை திரும்ப வாங்க முடியாது. அதுக்கு மனசு இருந்தா தாராளமா போடலாம், விக்கிபீடியா கட்டுரைல நம்ம ஊர் படம் நிக்கும்.

இப்போ எனக்கு ரொம்ப புடிச்ச இடங்கள்ல ஒண்ணு, ஈபேர்ட். இது போட்டோ ஆப்பே கிடையாது, 2002ல அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகமும் ஆடுபான் அமைப்பும் சேந்து ஆரம்பிச்ச பறவைப் பட்டியல். ஆனா நான் வெச்ச ரெண்டு அளவுகோல்ல முதல் அளவுகோல்படி இதுக்கு பக்கத்துல யாரும் வர முடியாது, இடமும் தேதியும் எழுதாம பட்டியலையே ஏத்த விடாது. படத்தை அந்த பறவை பேருக்கு கீழ சேக்கலாம், அது கார்னெலோட மெக்காலே நூலகம்ங்கிற பட சேமிப்புல போய் உக்காந்துடும், போன்ல பறவையை அடையாளம் சொல்ற மெர்லின் ஆப் இந்த மாதிரி படங்களை வெச்சு தான் கத்துக்குது. எண்ணூர்ல நீங்க எடுத்த சங்குவளை நாரை வேற எங்கயோ ஒரு புள்ளைக்கு பேர் சொல்லிக் குடுக்குதுன்னா அதை விட பெரிய பாராட்டு என்ன இருக்கு சொல்லுங்க. பொங்கல் சமயத்துல நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புல கலந்துக்கிட்டு ஆரம்பிக்கலாம், மொட்டை மாடியில நின்னு காக்கா, கருடன் எண்ணினாலும் கணக்கு தான்.

இதுலயும் குறை இருக்கு. அங்க குடுக்குற நட்சத்திர மதிப்பு பறவை தெளிவா, பெருசா தெரியுதான்னு பாத்து தான், வெளிச்சம் எப்படி விழுந்திருக்குன்னு யாரும் உருக மாட்டாங்க. வெறும் நிலக்காட்சிக்கு அங்க தனியா இடம் கிடையாது, வாழிடப் படம்னு பட்டியலோட சேத்து தான் போட முடியும். பட்டாம்பூச்சி, நண்டு, அலையாத்தி செடின்னு எடுக்குறவங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் சரியா இருக்கும், பேர் தெரியாம போட்டாலும் நாலு பேர் வந்து சொல்லுவாங்க, அழிவு ஆபத்துல இருக்கிற உயிரினம்னா இடத்தை அதுவே மறைச்சு 20 கிலோமீட்டருக்கு மேல அகலமான ஒரு கட்டம் மட்டும் காட்டும். ஊர் பேர் எழுதுங்கன்னு மூச்சுக்கு மூச்சு சொல்ற நானும் கூடு விஷயத்துல மறைக்கிறது தான் சரின்னு சொல்றேன், கூட்டுகிட்ட கும்பல் சேந்தா தாய்ப்பறவை விட்டுட்டுப் போயிடும்.

தேதி எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரே உதாரணம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து கழிமுகத்துல பரவுனப்ப, ரெக்கை பூரா எண்ணெய் அப்பின கூழைக்கடா படங்கள் எல்லா இடத்துலயும் சுத்துச்சு. அந்த அழிவைக் காட்ட படம் கிடைச்சிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் அதே கரை எப்படி இருந்துச்சு, எத்தனை பறவை உக்காந்துச்சு, மரத்துல எது வரைக்கும் பச்சைன்னு காட்டணும்னா யாரோ ஒருத்தர் சாதாரண ஒரு நாள்ல எடுத்து தேதி இடத்தோட போட்டு வெச்ச படம் தான் வேணும். அழகா இல்லைனு நீங்க ஒதுக்குற படம் கூட அப்போ சாட்சி.

கடைசியா பிரிண்ட். ஸ்டூடியோல போய் போட்டோ கழுவுற பழக்கம் கல்யாண ஆல்பத்தோட நின்னு போச்சு, ஆனா நிலக்காட்சிக்கு இதை மிஞ்சின இடம் இல்லைன்னு அடிச்சு சொல்லுவேன். இன்ஸ்டால இருந்து இறக்கின 1080 பிக்சல் படத்தை 300 டிபிஐல, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளின்னு போட்டா மூணரை இஞ்சு அகலம் தான் வரும், அதனால ஒரிஜினலை பத்திரமா வெச்சுக்கோங்க. 24 மெகாபிக்சல் கேமரா படம் 12க்கு 18 சைஸுக்கு தாராளம், போன்ல எடுத்த 12 மெகாபிக்சலே கூட சுவத்துல மாட்டி நாலடி தள்ளி நின்னு பாக்க போதும். போன் படம் நாலுக்கு மூணுங்கிறதால 12க்கு 18ல மேல கீழ வெட்டுப்படும், 12க்கு 16 கேளுங்க. ஸ்க்ரீன் உள்ள இருந்து வெளிச்சம் வருது, பேப்பர்ல அது இல்ல, விடியக்காலை எடுத்த படத்துல அலையாத்தி மரம் பூரா கருப்பா அடைச்சுக்கும், குடுக்கறதுக்கு முன்னாடி நிழலை கொஞ்சம் தூக்கிடுங்க. க்ளாஸி வேணாம், ட்யூப்லைட் அடிக்கிற அறையில முகம் தான் தெரியும், மேட் போதும். நம்ம பக்கம் உப்புக் காத்து, கண்ணாடியில போட்டோ நேரா ஒட்டாம நடுவுல அட்டை வெச்சு ஃப்ரேம் போடச் சொல்லுங்க, இல்லனா ஒரு மழைக்காலத்துல ஒட்டிக்கும்.

இதை ஏன் முதல் இடத்துல வெக்கிறேன்னா பேச்சு. எண்ணூர்ல எடுத்த அகலமான ஒரு படத்தை பிரிண்ட் போட்டு அங்கயே குப்பத்துல வலை பின்னிக்கிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன். கைய லுங்கியில தொடச்சிட்டு வாங்கி, கண்ணுக்கு எட்ட நீட்டிப் புடிச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. "இது மழைக்கு முன்ன எடுத்ததா நைனா? முகத்துவாரத்துல மணல் அடைச்சிக்கீது பாரு, ஐப்பசி வெள்ளம் வந்தா இத்தினி மணல் நிக்காது"ன்னாரு. நான் வானத்து கலருக்காக எடுத்த படம் அது, மணல் திட்டை நான் கவனிக்கவே இல்ல. அப்புறம் ஓரத்துல புள்ளி மாதிரி தெரிஞ்ச ஒரு ஆளைக் காட்டி, வாயில பறிக்கூடையைக் கவ்விக்கிட்டு கையால இறால் தடவுறாங்கன்னு சொல்லி, அந்த இடத்துல தண்ணி எந்த அளவு இருக்கும், சேறு எப்படி இருக்கும்னு விளக்க ஆரம்பிச்சிட்டாரு. பக்கத்துல இருந்த அக்கா ஒருத்தங்க வந்து எட்டிப் பாத்து சிம்னியை வெச்சு அவங்க வீடு எந்தப் பக்கம்னு விரல் வெச்சு காட்டினாங்க. போன்ல இதே படத்தை காட்டியிருந்தா விரலை வெச்சதும் அடுத்த படத்துக்குப் போயிருக்கும்.

செலவு இருக்கு, எத்தனை பேர் பாப்பாங்கன்னா விரல் விட்டு எண்ணிடலாம், அது நிஜம். அதனால எல்லாத்தையும் பிரிண்ட் போட வேணாம், வருஷத்துக்கு மூணு நாலு போதும், பின்பக்கம் பென்சில்ல இடம், மாசம், வருஷம் எழுதி டீக்கடை, சலூன், தெரு நூலகம்னு எங்க சுவர் குடுக்குறாங்களோ அங்க மாட்டுங்க. பறவைப் படம்னா அன்னைக்கு ராத்திரியே ஈபேர்ட், அகலமான நிலக்காட்சின்னா ஃபிளிக்கர், திருத்தம் கேக்கணும்னா சின்ன வாட்ஸப் குரூப், ஊருக்குத் தெரியணும்னா இன்ஸ்டா, இப்படி தான் நான் பிரிச்சு வெச்சிருக்கேன். 1950ல இருந்து சாகுற வரைக்கும் பத்திரிகையில பத்தி எழுதின காட்டுயிர் எழுத்தாளர், நம்ம மெட்ராஸ்காரர் மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளையில தான் யானையை எடுத்தாரு, கூடவே பாத்ததை எழுதியும் வெச்சாரு, நாமளும் எங்க போட்டாலும் கூட ரெண்டு வரி எழுதலாம், வெறும் மேற்கோள் இல்ல, காத்து எந்தப் பக்கம், தண்ணி ஏறிச்சா வத்துச்சா, அங்க யார் நின்னாங்கன்னு ரெண்டு வரி.