எஃப்.டி.ஏ. அட்டை: யானை ஹெர்பிஸுக்குச் சரி, சிங்கத்தின் டிஸ்டெம்பருக்கு வேண்டாம்

காட்டுயிர் நோய் ஆய்வு வேலையில் பாதித் தலைவலி குளிர்பதனம்தான். மயக்கிய விலங்கிடம் எடுத்த ரத்தம் ஆய்வகம் போய்ச் சேருமுன் ஐஸ் பெட்டியில் தண்ணீர்தான் மிஞ்சியிருக்கும். அங்கே வாட்மன் எஃப்.டி.ஏ. அட்டை கைகொடுக்கிறது.

இது வேதிப்பொருள் ஏற்றிய செல்லுலோஸ் தாள். ரத்தம் பட்டதும் செல்கள் உடைந்து, டி.என்.ஏ. நார்களுக்குள் சிக்கிக்கொள்ளும். காய்ந்தபின் அறை வெப்பத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கிளாசிக் அட்டையில் நான்கு வட்டங்கள். ஒவ்வொன்றும் 125 மைக்ரோலிட்டர் தாங்கும். ரத்தத்தை ஊதா மூடி போட்ட ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயில் எடுங்கள், அதே வேலைக்கான ஹெப்பாரின் பி.சி.ஆரை, அதாவது டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்கிப் பார்க்கும் சோதனையை, கெடுக்கும். வட்டத்துக்குள் சுழற்றியபடி ஒரே தடவையில் விடவும். காய்ந்த இடத்தின்மேல் மறுபடி ஊற்றினால் வேதிப்பொருள் போதாது, ரத்தச் சிவப்பும் கழுவினால் போகாது. அந்தச் சிவப்பு பி.சி.ஆருக்கு எதிரி.

மாதிரிகள் அதிகம் வீணாவது காயவைப்பதில். வறண்ட அறையில் ஒரு மணி நேரத்தில் காயும். ஆனைமலை மழைக்காலத்தில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். ஈரத்தோடு உறையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உறைக்குள் நீலச் சிலிக்கா ஜெல் வையுங்கள், இளஞ்சிவப்பானதும் மாற்றிவிடுங்கள்.

ஆய்வகத்தில் 2 மி.மீ. துண்டு வெட்டி, எஃப்.டி.ஏ. கழுவுகரைசல் 200 மைக்ரோலிட்டரில் மூன்று முறை, டி.ஈ. கரைசலில் இரண்டு முறை, தலா 5 நிமிடம் கழுவி, உலர்த்தி, நேரே பி.சி.ஆர். குழாயில் போடலாம். துளைப்பானால் அடுத்த மாதிரியைத் தொடுமுன் வெற்றுத்தாளில் ஒருமுறை துளையுங்கள். இல்லாவிட்டால் நோயில்லாத மானுக்கும் நோய் வந்துவிடும், ஏட்டில். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் 1.2 மி.மீ. துண்டே போதும்.

இனி குறைகள். 2 மி.மீ. துண்டில் இருப்பது ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தம். டிரிப்பனோசோமா, பேபீசியா போன்ற ஒட்டுண்ணிகள் ரத்தத்தில் அரிதாக இருக்கும்போது நழுவிவிடும். ஒரு துண்டில் நெகட்டிவ் வந்ததை நம்பி அறிக்கை எழுதக் கூடாது; நாலைந்து துண்டுகளையாவது சோதியுங்கள். செல்கள் உடைந்துவிடுவதால் நுண்ணோக்கிக்கு எதுவும் மிஞ்சாது. கண்ணாடி ஸ்லைடில் ரத்தப்பூச்சும் கட்டாயம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும்.

டி.என்.ஏ.வுக்குப் பதில் ஆர்.என்.ஏ.வை மரபுப்பொருளாகக் கொண்ட வைரஸ்களுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைக்க மாட்டோம். 2018இல் கிர் சிங்கங்களைத் தாக்கிய டிஸ்டெம்பரும், குரங்குகளைக் கொல்லும் கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் அந்த வகை. வெக்கையில் கிடந்த அட்டையில் ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும். அதற்கு ஆர்.என்.ஏ. காக்கும் கரைசல் அல்லது திரவ நைட்ரஜன்தான். யானைக்கன்றுகளைக் கொல்லும் ஹெர்பிஸ் டி.என்.ஏ. வைரஸ் என்பதால், அது உண்டா இல்லையா என்று பார்க்க அட்டை உதவும். வைரஸ் அளவு ஏறுகிறதா என வாராவாரம் கணக்கிட முழு ரத்தமே மேல்.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) சந்தேகம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: அதன் வித்துகளை அட்டை கொல்லும் என நம்பாதீர்கள். காய்ந்த அட்டையையும் கையுறை போட்டே தொடுங்கள், மூன்றடுக்குப் பொதியிலேயே அனுப்புங்கள். சாதாரணக் காகிதம் போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது காட்டு விலங்கின் ரத்தம். தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக் கடித நகலையும் கூடவே வையுங்கள்.