டொமைன் யார் பேரில் இருக்கிறது? வெப்சைட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே சோப்பு, மெழுகுவத்தி, குரோஷே பொம்மை, காதணி என்று செய்து விற்பவர்கள் வெப்சைட் விஷயத்தில் ஏமாறும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். "டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, நீங்கள் எதையும் பார்க்க வேண்டாம்" என்று ஒருவர் சொல்வார். (டொமைன் என்பது தளத்தின் இணைய முகவரிப் பெயர், ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைக்கும் இடம்.) தளமும் சொன்னபடி வந்துவிடும், பார்க்கவும் நன்றாக இருக்கும். முதல் வருஷம் ஒரு சிக்கலும் தெரியாது. ரெனியூவல் நேரத்தில் தொகை பல மடங்காகும். "வேண்டாம், வேறு ஆளிடம் மாற்றிக்கொள்கிறேன்" என்றால் லாகின் வராது. சிலர் போனையே எடுப்பதில்லை. அப்புறம் ஒருநாள் தளம் திறக்காது. விசிட்டிங் கார்டு, பார்சல் ஸ்டிக்கர், இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாவற்றிலும் இருப்பது அந்த முகவரிதான். எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் வரும் கேள்வி, டொமைன் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பது. செய்து கொடுத்தவர் பேரில் என்றால் உங்கள் பக்கம் அங்கேயே பலவீனமாகிவிடுகிறது.

தளம் மெதுவாக இருக்கிறது, டிசைன் பிடிக்கவில்லை என்பதெல்லாம் வேறு ஆளை வைத்துச் சரிசெய்யக்கூடியவை. பெயர் கைவிட்டுப் போனால் அப்படிச் சரிசெய்ய முடியாது. அதனால் டொமைனை நீங்களே வாங்குங்கள். அது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை: ஒரு ரெஜிஸ்ட்ராரிடம் (டொமைன் பெயர்களைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்குத் திறந்து, பெயர் இருக்கிறதா என்று தேடி, பணம் கட்ட வேண்டியதுதான். கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஆனால் அந்த டொமைனிலேயே உருவாக்கிய மின்னஞ்சலாக இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுபோகும், பாஸ்வேர்டை மாற்றும் இணைப்புகூட வந்து சேராது. இரண்டு படி சரிபார்ப்பு, டிரான்ஸ்ஃபர் லாக் (டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற விடாத பூட்டு), ஆட்டோ ரெனியூவல் மூன்றையும் போட்டுவிடுங்கள். பதிவு செய்தவுடன் மின்னஞ்சலை உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வரும். டாட் காம் போன்ற டொமைன்களுக்கு 15 நாளுக்குள் அதைச் செய்யாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் டொமைனை முடக்கிவைக்கலாம். "நேற்று வரை ஓடியது, இன்று இல்லை" என்ற புகார்களில் சில இந்த மெயிலைக் கவனிக்காததால் வந்தவை.

டெவலப்பருக்குத் தேவைப்படுவது நேம்சர்வரையோ டிஎன்எஸ் ரெக்கார்டையோ (டொமைன் எந்த ஹோஸ்டிங்குக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள்) மாற்றுவது மட்டுமே. அவர் தரும் மதிப்பை வாங்கி நீங்களே போடலாம். கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டால் தர வேண்டியதில்லை. பல ரெஜிஸ்ட்ரார்களில் டிஎன்எஸ் மாற்ற மட்டும் தனி அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது.

தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறதா? டொமைன் விதிகளை வகுக்கும் ஐகேன் அமைப்பின் லுக்கப் (தேடல்) பக்கத்தில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். டொமைன் பதிவு விவரம் காட்டும் பழைய ஹூஇஸ் முறைக்குப் பதிலாக 2025 ஜனவரியிலிருந்து ஆர்டிஏபி என்ற முறையில் இந்த விவரம் வருகிறது. எந்த ரெஜிஸ்ட்ரார், எப்போது காலாவதி என்பவை தெரியும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும், அதனால் பெயர் தெரியவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்த ரெஜிஸ்ட்ராரின் தளத்துக்குப் போய் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே நுழைய முடிகிறதா, உள்ளே அந்த டொமைன் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது உங்கள் கையில் இல்லை. காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் ரெஜிஸ்ட்ரார் நினைவூட்ட வேண்டும் என்று ஐகேன் விதி இருக்கிறது. ஆனால் அந்த மெயில் போவது பதிவில் இருக்கும் முகவரிக்கு. அது டெவலப்பரின் முகவரி என்றால் உங்களுக்கு எதுவுமே தெரியாது.

காலாவதியானால் உடனே எல்லாம் போய்விடும் என்பதும் இல்லை, இதைச் சொல்லிப் பயமுறுத்தியே பணம் கறக்கிறார்கள். டாட் காம் டொமைனுக்குக் காலாவதிக்குப் பிறகு 45 நாள் வரை சலுகைக் காலம் இருக்கலாம் (ரெஜிஸ்ட்ரார் அதைக் குறைக்கலாம், தளத்தை முதல் நாளே நிறுத்தலாம்). அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அதில் மீட்கச் சாதாரண ரெனியூவலைவிட மிக அதிகமாகக் கேட்பார்கள். அடுத்து 5 நாள் நீக்கத்துக்கான காத்திருப்பு. அதற்கப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சில ரெஜிஸ்ட்ரார்கள் சலுகைக் காலத்துக்குள்ளேயே ஏலத்துக்கு விடுவதும் உண்டு. நாட்டுக் குறியீடு கொண்ட டொமைன்களுக்கு விதிகள் வேறு.

டொமைன் உங்கள் பேரில் வந்ததும் இன்னொரு கூட்டம் கதவைத் தட்டும். சம்பந்தமே இல்லாத நிறுவனம் ஒன்று பில் போலவே ரெனியூவல் கடிதம் அனுப்பும். பணம் கட்டினால் டொமைன் அவர்களிடம் மாறும், அல்லது எந்தச் சேவையும் கிடைக்காது. "உங்கள் கடைப் பெயரை வேறொரு நாட்டில் ஒருவர் பதிவு செய்யப் போகிறார், உடனே நீங்கள் வாங்கிவிடுங்கள்" என்ற மெயிலும் பழைய தந்திரம். இரண்டையும் அப்படியே அழித்துவிடலாம். ரெனியூவலை மெயிலில் வரும் இணைப்பு வழியாகச் செய்யாமல், நேரே உங்கள் கணக்குக்குள் போய்ச் செய்யுங்கள்.

அடுத்தது தளம் எதில் கட்டப்படுகிறது என்பது. தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸும் அதில் கடையைச் சேர்க்கும் வூகாமர்ஸும் இலவச மென்பொருள்கள். எந்த ஹோஸ்டிங்குக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். ஷாப்பிஃபை, விக்ஸ் போன்றவை மாத வாடகை. பராமரிப்புத் தொல்லை குறைவு, சின்னக் கடைக்கு அது மோசமான தேர்வும் இல்லை. ஆனால் விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே எடுத்து வேறு ஹோஸ்டிங்கில் வைக்க முடியாது. ஷாப்பிஃபையில் பொருள் பட்டியலை சிஎஸ்வி (அட்டவணை) கோப்பாக எடுக்கலாம், வடிவமைப்பு அதோடு வராது. அங்கே ஸ்டோர் ஓனர் நீங்களாக இருக்க வேண்டும், டெவலப்பர் கொலாபரேட்டராக (கூட்டுப் பணியாளர் அனுமதியில்) உள்ளே வரலாம். தட்டிக் கழிக்க வேண்டியது மூன்றாவது வகையை: "எங்கள் சொந்த சாஃப்ட்வேரில் செய்து தருகிறோம்." இருபது முப்பது பொருள் விற்கும் கடைக்கு அப்படி ஒன்று தேவையே இல்லை. வேறு யாராலும் தொட முடியாத தளத்தை வைத்திருந்தால், கேட்கிற தொகையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேர்ட்பிரஸ் என்றால் உள்ளே நுழைந்து யூசர்ஸ் பக்கத்தில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் என்று இருக்க வேண்டும். "எல்லா அதிகாரமும் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லி ஷாப் மேனேஜர் கொடுப்பது வழக்கம். ஆர்டர் பார்க்கலாம், விலை மாற்றலாம், ஆனால் பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) போடவோ பேக்கப் பிளகினை நிறுவவோ முடியாது. விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) இலவசமாகக் கிடைத்தது என்றால் அது பெரும்பாலும் உரிமம் உடைத்த 'நல்டு' பிரதி. அவற்றில் ஸ்பேம் இணைப்புகளும் பின்கதவு நிரல்களும் ஒளிந்திருப்பது சகஜம். கூகுளில் உங்கள் கடையைத் தேடினால் சூதாட்டப் பக்கங்கள் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். லைசென்ஸ் யார் பேரில் என்றும் கேளுங்கள். டெவலப்பர் பேரில் இருந்தால் அவர் விலகியதும் அப்டேட் நிற்கும்.

பேக்கப் கேட்டால் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைக் கொடுத்து அனுப்புவார்கள். அதில் எழுத்து மட்டும்தான் இருக்கும், படங்கள் இருக்காது. டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர் முழுவதும், டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் கோப்பும் சேர்ந்ததுதான் முழு பேக்கப். எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாப்பது) வருஷா வருஷம் தனிக் கட்டணம் போடுகிறார்களா? லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து அதை இலவசமாகத் தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து பேமெண்ட் கேட்வே (வாடிக்கையாளரிடம் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை). "உங்கள் ஆவணங்கள் சரிபார்க்க நாளாகும், அதுவரை என் கணக்கில் ஓடட்டும், வாராவாரம் அனுப்பிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாடிக்கையாளர் கட்டும் பணம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகும். பொருள் அனுப்புவதும் ரீஃபண்டுக்குப் பதில் சொல்வதும் மட்டும் உங்கள் பொறுப்பாகும். கேட்வே கணக்கை உங்கள் பேரில் திறந்து, செட்டில்மெண்ட் வங்கி எண் உங்களுடையதுதானா என்று கண்ணால் பாருங்கள். வேலை முடிந்ததும் ஏபிஐ ரகசியச் சாவியை (தளம் கேட்வேயோடு பேசப் பயன்படும் கடவுச்சொல் போன்றது) மாற்றுங்கள். கார்டு எண்ணை வாங்கத் தளத்திலேயே அவராக ஒரு படிவம் செய்திருந்தால் அந்த ஆளே வேண்டாம். கார்டு விவரம் கேட்வேயின் சொந்தப் பக்கத்திலோ அதன் பெட்டியிலோதான் போக வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இதில்தான் கைவினைக் கடைக்கும் மற்றக் கடைக்கும் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு பிரதி மட்டும் இருக்கும் பொருளுக்கு ஸ்டாக் நிர்வாகத்தை இயக்கி எண்ணிக்கை 1 என்று போட்டிருக்கிறதா? பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள், ஒரே ஜாடியை இருவர் வாங்கிவிடுவார்கள். வூகாமர்ஸில் பணம் கட்டாமல் விட்ட ஆர்டருக்காக 60 நிமிடம் ஸ்டாக்கை நிறுத்திவைப்பது இயல்பு அமைப்பு. தனிப் பிரதிகள் விற்பவர் அதைக் குறைத்துக்கொள்ளலாம். எடையை, பெட்டியும் பாதுகாப்புத் தாளும் சேர்த்துப் போட வேண்டும். பொருளின் எடை மட்டும் போட்டால் ஒவ்வொரு பார்சலிலும் கூரியர் கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். ஆர்டர் கொடுத்த பிறகு செய்து தரும் பொருளுக்கு எத்தனை நாளாகும் என்பது பொருள் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

பிறகு கேட்வே டெஸ்ட் மோடிலிருந்து லைவுக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க, உண்மையான பணத்தில் ஒரு சிறிய ஆர்டர் போட்டு, அதையே ரீஃபண்ட் செய்யுங்கள். ஆர்டர் மெயில் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இன்பாக்ஸில் வருகிறதா, ஸ்பேமில் விழுகிறதா? ஸ்பேம் என்றால் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறையான வழி) வழியாக அனுப்பவில்லை, அல்லது மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டுகள் போடவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதியில் "தேடுபொறிகள் வர வேண்டாம்" என்ற பெட்டி இருக்கிறது. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு எடுக்க மறப்பார்கள். கூகுளில் உங்கள் தளம் வராததற்குக் காரணம் அந்த ஒரு டிக்காக இருக்கலாம், அதற்கே எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) பேக்கேஜ் விற்பவர்களும் இருக்கிறார்கள். போன் கேமராவிலிருந்து 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தால் பக்கம் திறக்கவே நேரமாகும். அகலம் 1600 பிக்சல், அளவு 300 கேபிக்குள் இருந்தால் நெசவின் இழைகூடத் தெரியும்.

கூகுள் தேடலில் முதலிடம் உறுதி என்று சொல்பவருக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

பணத்தை ஒருபோதும் முழுதாக முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, பொருள்கள் ஏறிய மாதிரித் தளத்தைப் பார்த்தபின் ஒரு பங்கு, சோதனை முடிந்து எல்லா லாகினும் முழு பேக்கப்பும் வந்தபின் மீதி. எழுத்தில் இருக்க வேண்டியவை: எத்தனை பக்கம், எத்தனை பொருள் ஏற்றித் தருவார், எத்தனை முறை திருத்தம், முதல் வருஷத்துக்குப் பிறகு ஹோஸ்டிங் எவ்வளவு, லோகோவும் படங்களும் யாருக்குச் சொந்தம். இதை மெயிலில் எழுதி "சம்மதம்" என்று பதில் வாங்கினாலும் பின்னால் உதவும். எழுதித் தரத் தயங்குகிறவரைப் பற்றி மேலும் விசாரிக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் சண்டையை முதலில் தொடங்க வேண்டாம். உள்ளே நுழைய முடிகிற வரை பொருள் பட்டியல், ஆர்டர்கள், வாடிக்கையாளர் முகவரிகள், படங்கள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். கேட்வே சாவிகளை மாற்றுங்கள். அதன் பிறகு டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றும்படி எழுத்தில் கேளுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது எளிது. வேறு ரெஜிஸ்ட்ராருக்கு என்றால் ஆத் கோடு (டொமைனை மாற்றத் தேவைப்படும் ரகசியக் குறியீடு) வேண்டும். டாட் காம் வகைகளில் பதிவின் உரிமையாளர் கேட்டால் 5 நாளுக்குள் அது கிடைத்தாக வேண்டும். புதிதாகப் பதிவான டொமைனுக்கு 60 நாள் பூட்டு உண்டு, அதை மறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். உரிமையாளராக உங்கள் பெயர் இருந்தும் ரெஜிஸ்ட்ரார் தராவிட்டால் ஐகேனிடம் புகார் செய்யலாம். பெயரே அவருடையது என்றால், பணம் கட்டிய ரசீதுகளையும் மெயில்களையும் வைத்துச் சட்ட வழியில்தான் போக வேண்டும்; அதற்குள் கடை நிற்கக் கூடாது, புதிய டொமைன் வாங்கித் தொடங்கிவிடுங்கள். தளம் ஏற்கெனவே மறைந்திருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் (பழைய இணையப் பக்கங்களின் சேமிப்பு) பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். பொருள் விவரங்களும் சில படங்களும் அங்கிருந்து கிடைப்பதுண்டு. பழைய முகவரியில் வேறொருவர் அதே பெயரில் கடை திறந்து பணம் வாங்கவும் முடியும். அதனால் சமூக வலைப் பக்கங்களில் இணைப்பை அன்றே மாற்றி, பழைய வாடிக்கையாளர்களுக்குப் புதிய முகவரியை எழுதி, மீதமிருக்கும் ஸ்டிக்கர்களில் பழையதை மறைத்துப் புதியதை ஒட்டி அனுப்புங்கள்.