4எஸ் ஈஎஸ்சியா, 6எஸ் ஈஎஸ்சியா?

நான்கு செல் லிப்போ பேட்டரியில் ஓடும் ட்ரோனுக்கு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகையான ஈஎஸ்சியில், 4எஸ் (தொடராக இணைந்த நான்கு செல்) வரம்புள்ளதை விட 6எஸ் (ஆறு செல்) வரம்புள்ளதையே நான் பரிந்துரைப்பேன். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல்லுக்கு 4.2 வோல்ட் என்ற கணக்கில் பேட்டரி தருவது 16.8 வோல்ட்தான், ஆனால் வேகத்தைச் சட்டென்று குறைக்கும்போது மோட்டாரிலிருந்து திரும்பிவரும் ஆற்றலும், நீண்ட பேட்டரி ஒயரின் மின்தூண்டலும் சேர்ந்து, கணநேர மின்னழுத்தத்தை அதற்கு மேல் எகிறச் செய்து ஈஎஸ்சியில் மின்சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட்டைச் சிதைத்துவிடக்கூடும். 25.2 வோல்ட்டுக்கென அமைக்கப்பட்ட 6எஸ் வகைக்கு அந்த உச்சத்தைத் தாங்கும் தெம்பு கூடுதல். நிதானமாகப் பறக்கும் சிறிய விமானத்துக்கு, பெரும்பாலும் விலை குறைந்த 4எஸ் வகையே போதும். எதை வாங்கினாலும் ஒயரைக் குட்டையாக்கி, அது பலகையில் சேரும் இடத்திலேயே 35 வோல்ட் தாங்கும் லோ-ஈஎஸ்ஆர் (உள்மின்தடை குறைந்த) கெப்பாசிட்டரைப் பற்றவையுங்கள்; அதன் கால்கள் நீண்டிருந்தால் பயன் குறைந்துவிடும்.