தங்க ரேக் கறுக்கும், கோபால்ட் நீலம் ஊதாவாகும்: பெங்களூருவில் ஓவியப் பிரதி எடுக்கும் சேவை

ஜனவரியில் குமார கிருபா சாலையில் சித்ர சந்தே என்ற ஓவியச் சந்தை கூடும்போது அசல் படங்களுக்குப் பக்கத்திலேயே அவற்றின் பிரதிகளும் தொங்கும். அசலுக்குக் காசு போதாதவர் பிரதியைச் சுருட்டி எடுத்துப்போவார், ஓவியருக்கும் அடுத்த மாத வாடகைக்கு ஆகும். அந்தப் பிரதிகளை எடுத்துத் தரும் ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் ‘ஜிக்லே’ என்று பலகை மாட்டியிருக்கின்றன. 1991-ல் ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சுக்காரர் இங்க்ஜெட் பிரதிக்கு வைத்த பெயர் அது. தரமுத்திரை எதுவும் இல்லை, பேனர் அடிக்கும் கடையும் அதைப் போட்டுக்கொள்ளலாம். எந்த இங்க், எந்தக் காகிதம் என்று கேளுங்கள். பிக்மென்ட் இங்க் (நிறமித் துகள் கலந்த மை), நூறு சதம் பருத்திக் காகிதம் என்று தெளிவாகப் பதில் வராத இடத்தில் படத்தின் கட்டைப் பிரிக்கவே வேண்டாம்.

வேலையின் பெரும்பகுதி அச்சடிப்பதில் இல்லை, படம் பிடிப்பதில் இருக்கிறது. 24×30 அங்குல ஓவியத்தை அதே அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளியில் அடிக்க 7200×9000 புள்ளி தேவை, அதாவது ஏறக்குறைய 65 மெகாபிக்சல். 45 மெகாபிக்சல் கேமராவில் ஒரே தட்டில், அதாவது ஒரே கிளிக்கில், எடுத்தால் அங்குலத்துக்கு 230 புள்ளிகூடத் தேறாது. நல்ல இடத்தில் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டுவார்கள். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்குக்கு முன்னால் போலரைசர் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸில் அதற்குக் குறுக்காகத் திருப்பிய இன்னொரு போலரைசர். வார்னிஷ் பளபளப்பு மொத்தமாக அடங்கிவிடும். 24 நிறக் கட்டங்கள் உள்ள அட்டையைப் படத்தோடு வைத்து ஒரு தட்டு எடுக்காமல் வேலையைத் தொடங்கினால், பிறகு எல்லாம் கண் மதிப்புதான்.

இந்தக் குறுக்குப் போலரைசரே சில படங்களுக்கு எதிரி. கத்தியால் அப்பிய எண்ணெய் வண்ணத்தில் மேடு பள்ளம் தெரிவதே அந்தச் சின்னச் சின்ன மினுமினுப்பால்தான். அதை அடக்கினால் படம் தட்டையாகிவிடும். தஞ்சாவூர்ப் படத்துக்கு இன்னும் மோசம். தங்க ரேக், அதாவது மெல்லிய பொன் தாள், உலோகம்; அதில் பட்டுத் திரும்பும் ஒளி போலரைசரில் அப்படியே மாட்டிக்கொள்ளும். கிருஷ்ணன் முகம் அழகாக வந்திருக்கும். கிரீடமும் மண்டபத் தூணும் அடுப்புக் கரி பட்ட பித்தளைபோல் கறுத்திருக்கும். மைசூர்ப் படத்தில் மக்கு வேலை (ரேக்குக்கு அடியில் பசைக் கலவையால் மேடாக்குவது) மெல்லியது, ஆனாலும் ரேக் ரேக்குத்தான். சரியான வழி: கேமராவை அசைக்காமல் இரண்டு தட்டு. ஒன்று போலரைசரோடு. இன்னொன்று போலரைசர் இல்லாமல், படத்துக்கு எதிரே பெரிய வெள்ளை அட்டை நிறுத்தி, தங்கம் அந்த வெள்ளையை வாங்கும்படி. பிறகு ரேக் பகுதியை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு படத்துக்கு மணிக்கணக்கில் ஆகும் வேலை இது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்கலாம். “அதெல்லாம் போட்டோஷாப்பில் மஞ்சளாக்கிடலாம் சார்” என்றால் கிளம்பிவிடுங்கள்.

நிறத்தில் முதலில் சறுக்குவது கோபால்ட் நீலம். இந்த நிறமி, நம் கண்ணுக்கு அவ்வளவாக எட்டாத ஆழ்ந்த சிவப்பு ஒளியையும் நிறையவே திருப்பி அனுப்புகிறது. கேமரா அதைப் பிடித்துக்கொள்வதால் நீலம் ஊதாப் பக்கம் சாயும். நிற அட்டை வைத்துச் சரிசெய்தாலும் முழுக்கத் திரும்பாது, அந்த இடத்தைக் கையால்தான் திருத்த வேண்டும். ஆகவே முழுப் பிரதிக்குச் சம்மதிக்கும் முன் அதே காகிதத்தில், அதே அளவில், ஒரு சாண் அகலத் துண்டு அடித்துத் தரச் சொல்லுங்கள். எந்த இடத்தைத் துண்டுக்கு எடுப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும்: நீலம், சதை நிறம், ஆழ்ந்த நிழல் மூன்றும் சந்திக்கும் இடம். அதை அசலோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, வீட்டு எல்.இ.டி.யில் ஒருமுறை பாருங்கள். ஒன்றில் பொருந்தி மற்றதில் பிரிவது சகஜம். அசலின் நிறமியும் அச்சின் இங்க்கும் வேறு வேறு என்பதால் அது முழுதாகத் தீராது.

“பிரதி இருட்டா இருக்கு” என்பதுதான் எல்லா ஸ்டுடியோவும் கேட்கும் புகார். பாதிக்குப் பாதி அச்சின் குற்றமல்ல. போன் திரை தானே ஒளிவிடுவது, காகிதம் அறை வெளிச்சத்தைக் கடன் வாங்குவது. திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பழகிய கண்ணுக்கு அசல் ஓவியமே மங்கலாகத்தான் தெரியும். இங்கேதான் ஸ்டுடியோவின் நேர்மை தெரிகிறது. வாடிக்கையாளர் போனை நீட்டியதும் நிறத்தை ஏற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். அசலைப் பக்கத்தில் நிறுத்தி, மானிட்டர் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு நூறு கேண்டெலா அளவுக்கு இறக்கி, அதோடு ஒப்பிட்டுக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டாமவரிடம் போங்கள். ஓவியர் மூன்று வாரம் யோசித்துச் சாம்பலாக விட்ட வானத்தை இன்ஸ்டாகிராமுக்காக நீலமாக்குவது பிரதி எடுப்பதாகாது.

காகிதத்துக்கு 308 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 308 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத பருத்தி மேட் போதும். அதில் கறுப்பு கொஞ்சம் கரித்துண்டு நிறத்தில் நிற்கும். ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் பேரியம் பூச்சுள்ள பரைட்டா காகிதம். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து ஓரம் தூக்கும், அச்சுத் தலை அதில் உரசிக் கோடு விழும். டெலிவரி எடுக்கும்போது ஓரங்களைச் சாய்த்துப் பாருங்கள். கான்வாஸில் அடித்து சட்டத்தில் மடித்து அடிப்பதானால் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வேண்டும். வார்னிஷ் பூசாமல் மடித்தால் மடிப்பில் இங்க் வெடிக்கும்.

கோப்பு விஷயத்தில் கூச்சம் வேண்டாம். 16 பிட் டிஃப் (நிற விவரம் குறையாமல் சேமிக்கும் வடிவம்) மூலக்கோப்பு உங்கள் கைக்கு வர வேண்டும், ஸ்டுடியோ தன் நகலை எவ்வளவு நாள் வைத்திருக்கும், வேறு எதற்கும் பயன்படுத்துமா என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ஒரு படம் இணையத்தில் இறங்கிவிட்டால் எந்த இயந்திரம் அதை மென்று எதைத் துப்புகிறது என்று பின்னால் போய்ப் பிடிக்க முடியாது. வெளியே போட நீளப் பக்கம் 1080 புள்ளி உள்ள சிறு ஜேபெக் தாராளம்.

நீர்வண்ணம், பென்சில், கவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) மூன்றுக்கும் இந்தச் சேவை கொடுத்த காசுக்கு ஈடு. அசலும் காகிதம், பிரதியும் காகிதம் என்பதால் சட்டமிட்ட பிறகு சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். அப்பிய எண்ணெய் வண்ணத்துக்குச் சின்ன அளவில் மட்டும் எடுங்கள். தஞ்சாவூர்ப் படத்தின் பிரதியில் மேலே பொன் தாளும் கல்லும் ஒட்டித் தருவதாகச் சில இடங்களில் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவு பூசி, மக்கு வைத்து மாதக்கணக்கில் உழைப்பவரின் விலையை அது அடித்துவிடும். எடுப்பதானால் வெறும் காகிதப் பிரதியாக எடுத்து, கீழ் விளிம்பில் பென்சிலால் இடப்பக்கம் 5/25 (இருபத்தைந்து பிரதிகளில் ஐந்தாவது) என்று எண்ணும் வலப்பக்கம் கையெழுத்தும் போட்டு, பின்னால் ‘பிரதி’ என்று எழுதி விற்கவும். ஜெல் பேனா வேண்டாம், பல மைகள் வெளுத்துவிடும்.